மெய்நிகர் உலகில் மொழி படிக்கலாம். சான்றிதழை எங்கே வாங்குவது?



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்ததும் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மகளையும் அழைத்து வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு சான்றிதழ். பொன் நிற முத்திரை, கீழே இரண்டு கையெழுத்து, நடுவில் பெரிய எழுத்தில் 'ஜெர்மன் மொழி – ஏ1 நிலை'. மருமகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். மகளை அங்கே அனுப்ப விசாவுக்கு விண்ணப்பிக்கப் போனபோது, இந்தச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் அந்தப் பிள்ளையிடம் விவரம் கேட்டோம். கணினியில் ஒரு 'மெய்நிகர் வளாகம்'. அதில் அவருக்கு ஒரு பொம்மை உருவம். அந்த உருவம் ஜெர்மன் ஊர் ஒன்றின் தெருக்களில் நடக்கும், ரொட்டிக் கடைக்குப் போகும், ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்கும். எதிரே நிற்கும் உருவத்துக்குப் பின்னால் உண்மையான ஆசிரியர் ஒருவர் இருந்து பேசுவார். நான்கு மாதம் படித்திருக்கிறார். கட்டணம் 32,000 ரூபாய். வளையலை அடகு வைத்துக் கட்டியது.

இதில் எங்களை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே ஜெர்மன் வந்தது. தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார், ஊரைச் சொன்னார், வயதைச் சொன்னார், எங்கள் மேசையில் இருந்த தேநீரைக் காட்டி ஒரு கோப்பை தரும்படி ஜெர்மன் மொழியிலேயே கேட்டார். ஆக, படிப்பில் மோசடி நடக்கவில்லை. சான்றிதழ்தான் யாருக்கும் பயன்படாத தாளாகப் போனது. படிப்பு வேறு, சான்று வேறு என்று அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. இதைப்போல இன்னும் இரண்டு வீடுகளில் விசாரணை வந்திருப்பதால்தான் இந்த மாதப் பாடத்தை இதற்கென்றே ஒதுக்கினோம்.

முதலில், மெய்நிகர் உலகம் என்றால் என்ன? கணினித் திரைக்குள் வரைந்து கட்டிய ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் கொடுக்கப்படும். பிரேசிலில் இருப்பவரும் தவளக்குப்பத்தில் இருப்பவரும் அதே ஊரின் அதே தெருமுனையில் எதிரெதிரே நின்று பேசலாம். இவற்றில் பேர் பெற்றது 'செகண்ட் லைஃப்'. அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் இதைத் திறந்தது. 2007-இல் குரலில் பேசும் வசதி வந்ததும் மொழி ஆசிரியர்கள் பலர் உள்ளே போனார்கள். அதே ஆண்டு ஸ்வீடன் நாடு அங்கே ஒரு தூதரகக் கட்டடமே கட்டியது. அதற்குள் போனால் ஸ்வீடனைப் பற்றிப் பார்க்கலாம், கேட்கலாம்; ஆனால் விசா மட்டும் கிடைக்காது! நம் பாடம் முழுவதும் அந்தத் தூதரகத்துக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லலாம். பிரிட்டிஷ் கவுன்சிலும் அக்காலத்தில் பதின்வயதுப் பிள்ளைகள் ஆங்கிலம் பழக அங்கே ஓர் இடம் வைத்திருந்தது. இன்று இளைஞர்கள் அதிகம் போவது 'வி.ஆர்.சாட்' என்கிற உலகத்துக்கு. ஜப்பானியரும் ஆங்கிலம் பேசுவோரும் ஒருவர் மொழியை மற்றவர் பழகிக்கொள்வதற்கென்றே அதில் தனி அரங்கு இருக்கிறது. கண்ணில் மாட்டும் கருவி இல்லாமல் சாதாரணக் கணினியிலேயே போகலாம். ஆகவே அந்தக் கருவிக்காகப் பல ஆயிரம் செலவழிக்க வேண்டியதில்லை என்பதைப் பெற்றோர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வேறு மாதிரி சொல்வார்கள்.

இதெல்லாம் விளையாட்டுத்தானே, இதில் மொழி வருமா என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். நம் தெருப் பையன்கள் சிலருக்கு இந்தி எப்படி வந்தது என்று விசாரித்துப் பாருங்கள். எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. 2020 செப்டம்பரில் தடை செய்யப்படும் வரை ராப்பகலாக ஆடிய பப்ஜியில், வடநாட்டுப் பையன்களோடு ஒரே அணியில் கத்திக் கத்திப் பழகியதுதான். அந்த விளையாட்டை நாங்கள் பரிந்துரைக்கவில்லை; தஹஜ்ஜுத் நேரத்தில் விழித்திருந்து அதை ஆடியவர்களை எங்களுக்குத் தெரியும். ஆனால் மொழி எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை அது காட்டிக் கொடுத்துவிட்டது. ஒரு காரியம் நடக்க வேண்டும், அதற்காகப் பேசியே ஆக வேண்டும், தப்பாகப் பேசினாலும் யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் நாக்கு தானாகப் புரளும்.

நம் முன்னோர்களும் இப்படித்தான் கற்றார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து நம்மவர்கள் பலர் சைகோனுக்குச் சபர் போய்த் துணிக்கடையும் வட்டிக்கடை வாசலில் காவல் வேலையும் வசூல் வேலையுமாக இருந்தார்கள். அந்த நகரத்தின் நடுவே டோங் டூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அவர்களில் எத்தனை பேர் வியட்நாமிய மொழிக்கு வகுப்புக்குப் போயிருப்பார்கள்? கடை வாசலில் நின்று விலை சொல்லி, பேரம் பேசி, கணக்குத் தீர்த்துக் கற்றார்கள். மெய்நிகர் உலகத்தில் ரொட்டிக் கடையும் ரயில் நிலையமும் கட்டி வைத்திருப்பது அந்தக் கடை வாசலைத் திரும்பக் கட்டுகிற முயற்சிதான். ஒரு வித்தியாசம், அன்று அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் நம்மிடம் இருக்கிறது. ஐந்து வயதில் மக்தபில் அலிஃப், பா தொடங்குகிறோம். அரபு எழுத்தை அழகாக ஓதுகிறோம். அதே நாம் துபாயில் இறங்கினால் ஒரு குவளை தண்ணீர் கேட்கத் தடுமாறுகிறோம். மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் நஹ்வும் ஸர்ஃபும் படித்தவர்களுக்கே இந்த நிலைமை வந்திருக்கிறது. இதை எழுதுகிறவர்களும் அதில் அடக்கம். படித்தது குறைவு என்பதால் வந்த வினையா இது? வாய் திறந்து பேச ஓர் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மக்தபின் நோக்கம் வேறு என்பதால் மக்தபைக் குறை சொல்வதற்கில்லை.

நபி (ஸல்) அவர்கள், யூதர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்காக அவர்களுடைய எழுத்தைக் கற்கும்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குச் சொன்னதும், அரை மாதத்துக்குள் அவர் அதைக் கற்றுக்கொண்டதும் திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. பிறர் எழுதியதையும் படித்துச் சொன்னதையும் நம்பிக் காரியம் நடத்தும் நிலை வேண்டாம் என்பதுதான் அதன் காரணம். விசா விண்ணப்பத்தை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போடுகிற நமக்கு இது மிகவும் நெருக்கமான செய்தி.

இனிச் சான்றிதழுக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளியிலிருந்து உதாரணம் தேவையில்லை. குர்ஆன் ஓதுவதில் இஜாஸா எப்படிக் கொடுக்கப்படுகிறது? மாணவர் எங்கே, யாரிடம், எத்தனை ஆண்டு பழகினார் என்பது பிறகு. முழுவதையும் ஓதிக் காட்ட வேண்டும். கேட்கிற ஷைகுக்கு ஸனத் இருக்க வேண்டும். அந்த ஸனத் சங்கிலி அறுபடாமல் மேலே போக வேண்டும். இக்காலத்தில் இணையவழி ஓதிக் காட்டி இஜாஸா பெறுகிறவர்களும் உண்டு. அப்போதும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: ஓதக் கேட்டவர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தவர் யார்? மொழிச் சான்றிதழிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். பொன் முத்திரையைப் பார்க்காதீர்கள்.

ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்கிற ஆறு படிகளை 2001-இல் வெளியிட்டது ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பு. அந்தப் பெயர்களை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தடை கிடையாது. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். ஒரு செயலி 'நீங்கள் ஏ2 முடித்துவிட்டீர்கள்' என்று சொன்னால், தன் பாடத்தில் அந்த அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்று மட்டும் பொருள். தூதரகம் கேட்பது, தான் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட ஒரு தேர்வை நீங்கள் எழுதினீர்களா என்பதை. (அதே ஐரோப்பிய கவுன்சில் 2020-இல் வெளியிட்ட துணைத் தொகுதியில், இணையத்தில் உரையாடுவதையும் ஒரு மொழித் திறனாகச் சேர்த்து அதற்கும் படிநிலை எழுதியிருக்கிறது. ஆகவே இந்தப் பழக்கத்துக்கு மதிப்பில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.)

ஜெர்மனிக்கு மனைவியோ கணவரோ சேரப் போக வேண்டுமானால், சில பிரிவினருக்கு விலக்கு இருந்தாலும், பெரும்பாலோருக்கு விசாவுக்கு முன்பே ஏ1 தேவை. கோதே நிறுவனம், டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகாரம் பெற்ற தேர்வுகளே செல்லும். கோதே நிறுவனம் நமக்கு அருகில் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. மாக்ஸ் முல்லர் பவன் என்று கேட்டால் காட்டுவார்கள். 100 மதிப்பெண்ணுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. அங்கே போய்ப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் எங்கே படித்தவரும் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டி எழுதலாம். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அந்தத் தகப்பனார் அன்று எங்களிடம் வரவேண்டியிருந்திருக்காது.

பிரான்ஸ் விஷயம் நம் ஊருக்கு இன்னும் நெருக்கம். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களோடு சம்பந்தம் செய்யாத தெரு புதுச்சேரியில் குறைவு. அங்கே 2024 ஜனவரியில் கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்தின்படி 2026 ஜனவரி 1 முதல் மொழி நிபந்தனைகள் கூடியிருக்கின்றன. பல ஆண்டுக்கான வசிப்பு அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. எந்தப் பிரிவினருக்கு விலக்கு என்பது ஆளுக்கு ஆள் மாறும். பிறர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் தத்தம் பிரிவுக்கு உரியதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு பி1-இல் முடிந்த குடியுரிமை இப்போது பி2 கேட்கிறது என்றால், சமையல் பிரெஞ்சும் கடைத்தெருப் பிரெஞ்சும் போதாது. செய்தித்தாள் படித்துக் கருத்துச் சொல்லி வாதாட வேண்டும். இங்கிருந்து போகும் பெண்பிள்ளைகள் புறப்படுவதற்கு முன்பே ஏ1, ஏ2 வரை ஏறிவிட்டால், அங்கே போய்க் கைக்குழந்தையோடு முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

இதற்கான டெல்ஃப் தேர்வை நம் புதுச்சேரியிலேயே, சுஃப்ரேன் வீதியில் 1889 முதல் இயங்கிவரும் அலியான்ஸ் பிரான்சேஸில் எழுதலாம். தவளக்குப்பத்தில் கடலூர் பஸ் ஏறினால் அரை நாள் வேலை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுக்க வேண்டும், எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. டெல்ஃப் சான்றிதழுக்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடி உண்டு. டி.சி.எஃப். என்கிற இன்னொரு தேர்வும் உண்டு. அது இரண்டு ஆண்டு வரைதான். இன்னும் மூன்று ஆண்டு கழித்துப் போகப்போகிற பிள்ளைக்கு இப்போதே டி.சி.எஃப். எழுத வைத்துக் காசை வீணாக்காதீர்கள்.

ஆங்கிலத்தில் ஒரு புது மயக்கம் வந்திருக்கிறது. டுவோலிங்கோ செயலியில் முந்நூறு நாள் விடாமல் பயிற்சி செய்ததைக் காட்டி ஒரு தம்பி பெருமைப்பட்டார். நல்ல விஷயம், மாஷா அல்லாஹ். ஆனால் செயலி வேறு, அதே நிறுவனம் நடத்தும் டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வு வேறு. அந்தத் தேர்வை வீட்டிலேயே கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதலாம். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. இரண்டு ஆண்டு செல்லும். அதையே கனடாவில் நிரந்தரக் குடியேற்றத்துக்குக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். தேர்வு எது என்பதைப் போகும் காரியம்தான் முடிவு செய்கிறது. ஜப்பான் பக்கம் பார்ப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு: சென்னையில் நடக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. மெய்நிகர் உலகில் எவ்வளவு சரளமாகப் பேசிப் பழகினாலும், கஞ்சி எழுத்துகளை உட்கார்ந்து மனப்பாடம் செய்யாதவர் அதில் தேற முடியாது.

அப்படியானால் மெய்நிகர் உலகம் எதற்கு? தேர்வின் பேச்சுப் பகுதிக்கு. கோதே ஏ1 தேர்வில் முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பெயரை எழுத்துக் கூட்டச் சொல்வார்கள், ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். பிறகு அட்டையில் உள்ள சொல்லை வைத்து சக மாணவரிடம் கேள்வி கேட்க வேண்டும், அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் படத்தைப் பார்த்து ஒரு பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். டெல்ஃப் ஏ1-லும் கடைக்காரர், வாடிக்கையாளர் என்று நடித்துப் பேசுகிற பகுதி உண்டு. தேர்வாளரே சில நிமிடம் கடைக்காரராகிவிடுவார். நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். இலக்கணம் தெரியும், ஆனால் அந்நியர் முன்னால் வாய் பூட்டிக்கொள்ளும். இதே காட்சியைத் திரைக்குள் நாற்பது முறை நடித்துப் பார்த்தவருக்கு நாற்பத்தொன்றாவது முறை பயம் குறைவாகவே இருக்கும். எழுத்தும் இலக்கணமும் வேறு இடத்தில் படிக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்துக்கு இதில் மாற்று இல்லை.

ஆண்கள் பெண்கள் கலந்த வகுப்புக்குப் போகத் தயங்கும் சகோதரிகளுக்கு முகம் காட்டாத இந்த முறை வசதியாக இருக்கிறது என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். அதே திரைக்கு மறுபக்கம் யார் இருக்கிறார் என்பது தெரியாது என்பதும் உண்மை. பெண் உருவத்துக்குப் பின்னால் ஆண் குரல் மாற்றிப் பேசலாம். வி.ஆர்.சாட்டில் 13 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. எங்கள் கருத்தில் பொது அரங்குகளுக்கு 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே கூடாது. சொந்தப் பெயர், புகைப்படம், தெருப் பெயர், போன் எண், கணவர் எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்ற விவரம் எதுவும் அங்கே வேண்டாம். தேர்வுக்காக எழுத்துக் கூட்டிப் பழக ஒரு கற்பனைப் பெயரும் கற்பனை எண்ணும் போதும். பேசிப் பழகியவர் இரண்டாவது வாரமே 'வெளிநாட்டில் வேலை இருக்கிறது, டிக்கெட்டும் நாங்களே தருகிறோம்' என்றால் அந்த நிமிடமே வெளியே வந்துவிடுங்கள். கணினி வேலை என்று சொல்லித் தாய்லாந்து வழியாக மியான்மருக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்ய வைத்த கூடாரங்களிலிருந்து தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்ட செய்திகளை எல்லோரும் படித்திருக்கிறோம்.

அந்தத் தகப்பனாரின் கதைக்குத் திரும்புவோம். பிள்ளை ஏற்கனவே பேசப் பழகியிருந்ததால், எழுத்துப் பகுதிக்கு மட்டும் ஆறு வாரம் தயார் செய்து சென்னையில் தேர்வு எழுதினார். அல்ஹம்துலில்லாஹ், தேறிவிட்டார். அடகு வைத்த வளையல் இன்னும் மீளவில்லை. அந்த 32,000-இல் ஒரு பகுதி படிப்புக்கான நியாயமான கூலி என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் இந்தச் சான்றிதழ் விசாவுக்குச் செல்லும் என்று வாய்மொழியாகச் சொன்னதற்கு யாரிடம் போய்க் கேட்பது? எழுத்தில் எதுவும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன், 'உங்கள் சான்றிதழை எந்தத் தூதரகம் ஏற்கிறது?' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

இதையொட்டி அறக்கட்டளை நிர்வாகக் குழு இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறது. கல்வி உதவி நிதியிலிருந்து இனிமேல் அங்கீகாரம் பெற்ற தேர்வின் கட்டணத்துக்கு மட்டுமே உதவி. செயலிக்கும் மெய்நிகர் வகுப்புக்கும் கிடையாது. தேர்வு எழுதப் பதிந்த ரசீதைக் கொண்டுவந்தால் போதும், தேறினால்தான் தருவோம் என்ற நிபந்தனை வைக்கவில்லை. அடுத்து, மக்தப் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 12 மணி வரை பெண்களுக்கும், அஸருக்குப் பின் ஆண்களுக்கும் மதரஸா கூடத்தில் இரண்டு கணினிகள் திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். ஜெர்மனிக்குப் புறப்படும் வரை காலை நேரத்தில் உடன் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதாக அந்தப் பிள்ளையே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரெஞ்சுக்கு ஆள் தேடுகிறோம். பிரான்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்திருக்கும் பெரியவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் கடைக்காரராக நடிக்க அவர்கள் முன்வந்தால் திரையே தேவைப்படாது. இப்போதைக்கு ஒலிவாங்கி உள்ள ஹெட்போன் ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடப்பது இருந்தால் ஜும்ஆவுக்கு வரும்போது கொண்டுவந்து முஅத்தினிடம் கொடுத்துவிடுங்கள்.